போனா, தனி ஜிபிஎஸ்ஸா? பைக்கில் போகும் என் பிள்ளைகளுக்கு



போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "சார், பைக்குல வழி பாக்க போன் போதுமா, இல்ல தனியா ஜிபிஎஸ் வாங்கணுமா?" அவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஜூலையில் நண்பர்களோடு லடாக் வரை பைக்கில் போகப் போகிறான். உடனே, அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இன்னொருவன், "எனக்கும் சேத்து சொல்லுங்க சார்" என்று போட்டான். அவன் திருவள்ளூரில் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அன்று இரவே என் அக்கா மகளும் போன் செய்தாள். பள்ளிப்பட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறாள், ஸ்கூட்டரில்தான் ஊர் ஊராகப் போகிறாள். "மாமா, அந்தப் பசங்களுக்குச் சொல்றத எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

பெயர் போடவில்லை. யாரென்று அவரவருக்குத் தெரியும். கேள்வி ஒன்றுதான், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் பைக்கை விடவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க, துக்கம் விசாரிக்க என்று நகரி, புத்தூர், நாகலாபுரம் வரை போய்வருகிறேன். நம் பக்கத்துக்காரர்களில் பாதிப் பேருக்கு உறவு எல்லைக்கு அந்தப் பக்கமும் உண்டு. தெலுங்கு பேச வரும், போர்டில் இருப்பதைப் படிக்கத்தான் வராது. ஊர்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் காட்டி, தமிழிலேயே "இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்லும் போன் எனக்குப் பெரிய உதவி. ஆக, நான் மேப்புக்கு எதிரி இல்லை.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் பாதி சந்தேகம் தீரும்.

மழைக்காலத்தில் மின்னல் தெரிந்ததும் இடிச் சத்தம் வரும்வரை எண்ணச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று எண்ணினால் இடி ஒரு கிலோமீட்டர் தூரத்தில். நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கண்டுபிடிப்பது. ஜிபிஎஸ்ஸும் அதே கணக்குத்தான். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், "இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வருகிறது. வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, அந்தக் கோள் எவ்வளவு தூரம் என்று உங்கள் கையில் இருக்கும் கருவி கணக்குப் போடுகிறது. நான்கு கோள்களிடமிருந்து செய்தி கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர்தான் பிசகும்.

இதை ஏற்படுத்தியது அமெரிக்க ராணுவம். மற்றவர்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகக் காட்டும்படி வைத்திருந்தார்கள். 2000 மே மாதம்தான் அந்தப் பிசகை நீக்கினார்கள். அதன் பிறகே தெருவைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அது நமக்கெல்லாம் பயன்பட்டது. நம் நாட்டுக்கும் சொந்தமாக 'நாவிக்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்கான ஏழு கோள்களை 2013 முதல் 2016 வரை இஸ்ரோ அனுப்பியது. எல்லாம் நம் ஊருக்கு வடகிழக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனவை. வானம் தெளிவாக இருந்தால் ராக்கெட் ஏறுவது நம் ஊர் மொட்டை மாடிக்கே தெரியும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கருவி கேட்க மட்டுமே செய்கிறது, மேலே எதையும் அனுப்புவதில்லை. இரண்டு, இதற்கு செல்போன் டவர் தேவையில்லை, நெட் பேலன்ஸும் தேவையில்லை. "டவர் போயிடுச்சு, ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் போனது ஜிபிஎஸ் இல்லை, மேப்.

இருக்கும் இடம் வேறு, மேப் வேறு. இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள். மேப்பை யாரோ அளந்து வரைந்திருக்க வேண்டும். இந்தியாவை முறையாக அளக்கும் வேலை நம் பக்கத்தில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலையிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார் வில்லியம் லாம்டன். அந்த ஒரு கோட்டை அளக்கவே 57 நாள் ஆயிற்று. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரை போனார்கள். இன்று அந்த மேப் போனுக்குள் வந்துவிட்டது. ஆனால் போன் அதை முழுதாக வைத்துக்கொள்வதில்லை. தேவையான துண்டை நெட் வழியாக அவ்வப்போது வாங்கிக்கொள்கிறது. டவர் இல்லாத இடத்தில் துண்டு வராது. நீலப் புள்ளி சரியான இடத்தில்தான் நிற்கும், சுற்றிலும் வெறும் வெள்ளை.

இதற்கு மருந்து எளிது. வீட்டில் வைஃபை இருக்கும்போது, போகும் வழி முழுவதையும் ஆஃப்லைன் மேப்பாக இறக்கி வைத்துவிடுங்கள். காசு கிடையாது. டவர் இல்லாவிட்டாலும் வழி காட்டும். நெரிசல் எங்கே என்று மட்டும் சொல்லாது, அதற்கு நெட் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல், டவர் பிரச்சினைக்காக மட்டும் தனி ஜிபிஎஸ் வாங்கினால் அது வீண் செலவு.

அப்படியானால் தனி ஜிபிஎஸ் எதற்கு?

கார்மின் போன்ற நிறுவனங்கள் பைக்குக்கென்றே செய்யும் கருவிகளில் சில நல்ல குணங்கள் உண்டு. மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது. கொளுத்தும் வெயிலிலும் திரை தெரியும், கையுறையோடு தொட்டாலும் கேட்கும். பைக் அதிர்வைத் தாங்கும். மேப் முழுவதும் உள்ளேயே இருக்கும். குறைகளும் உண்டு. விலை அதிகம், ஒரு நல்ல பழைய பைக்கே வாங்கிவிடலாம். புதுச் சாலை வந்தால் நாம்தான் மேப்பைப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊர்ச் சந்து பொந்தெல்லாம் போன் அளவுக்கு அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழில் பேசுமா என்றும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

போனின் குறைகள் இதற்கு நேர் எதிர். அதில் முதல் எதிரி வெயில். ஐபோனைப் பயன்படுத்தத் தகுந்த சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. நம் திருத்தணி எப்படிப்பட்ட ஊர்? அக்னி நட்சத்திரம் வந்தால் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் அடித்த ஊர்கள் என்று டிவியில் படிக்கும் பட்டியலில் தவறாமல் இருக்கும் ஊர். 40 டிகிரியை எத்தனையோ நாள் தாண்டும். அந்த வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய போன், உள்ளே மேப் ஓட, சார்ஜும் ஏற, சூடாகாமல் என்ன செய்யும்? திரை மங்கும், பிறகு தானே நின்றுவிடும்.

அடுத்தது அதிர்வு. கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்க, இப்போதைய போன் கேமராவுக்குள் ஒரு நுண்ணிய அசையும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சக்தி வாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு அதைக் கெடுக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிள் எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஏற்பாடு இருக்கும் மற்ற போன்களுக்கும் இது பொருந்தும். மூன்றாவது மழை. தொடுதிரையில் விழும் மழைத்துளி விரல் பட்டதுபோல ஆகி, நாம் தொடாமலே எங்கெங்கோ திறக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வந்திருக்கிறது. போன் பையிலேயே இருக்க, திரும்ப வேண்டிய திசையை வண்டி மீட்டரே அம்புக்குறியாகக் காட்டும். டிவிஎஸ் என்டார்க் ஸ்கூட்டரில் 2018இலேயே இது வந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு 2020இல் மீட்டியார் வண்டியோடு 'டிரிப்பர்' என்ற சிறிய வட்டக் காட்டியைக் கொடுத்தது. அதில் முழு மேப் தெரியாது. அம்புக்குறியும் எத்தனை மீட்டரில் என்பதும் மட்டும் தெரியும். என்னைக் கேட்டால் ஓட்டுகிறவனுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. புது வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வண்டி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது வேறு. உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். புது போன் வாங்கியதும் ஓரமாக வைத்த பழைய ஸ்மார்ட்போன் ஒன்று கட்டாயம் இருக்கும். அதுதான் உங்கள் தனி ஜிபிஎஸ். சிம் கார்டு வேண்டாம். வைஃபையில் மேப்பை இறக்கி, ஹேண்டில்பாரில் மாட்டிவிடுங்கள். சிம் இல்லாததால் முதலில் இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வெட்டவெளியில் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். வெயிலில் நின்றுபோனாலும் மழையில் நனைந்தாலும் நஷ்டம் பெரிதில்லை. நல்ல போன் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். ரிடையர் ஆனவருக்கும் ஒரு வேலை கிடைத்தால் நல்லதுதானே! ஒன்று மட்டும் கவனம்: பேட்டரி உப்பியிருக்கும் போனை வெயிலில் மாட்டவே மாட்டாதீர்கள். சார்ஜருக்கு ஒயர் இழுக்கும்போது, சாவியை அணைத்தால் அதுவும் அணையும்படி மெக்கானிக்கிடம் இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காலையில் வண்டியை உதைத்து உதைத்தே கால் வலிக்கும்.

இப்போது மூவருக்கும் தனித்தனியாக. மூவரும் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இது நடுவழியில் நின்றுபோனால் எனக்கு என்ன ஆகும்?"

லடாக் போகும் தம்பிக்கு: உனக்கு நின்றுபோனால் ஆபத்து. மற்ற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துக்கொண்டு போ. அதிலும் மலைப் பாதையில் பல மணி நேரம் டவர் இருக்காது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதனால் ஒன்றை நம்பாதே, இரண்டாக வைத்துக்கொள். உங்கள் குழுவில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு தனி ஜிபிஎஸ் வாங்கினால், முன்னால் போகிறவன் வண்டியில் மாட்டலாம். மற்றவர்கள் போனில் ஆஃப்லைன் மேப்பும், பையில் ஒரு காகித மேப்பும் போதும். இன்னொன்று. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "அங்கிருந்து அனுப்புகிறேன்" என்றால் இரண்டு முறை யோசி. அங்கே வாங்கியதில் நம் நாட்டு மேப் இருக்காது. அதைவிட முக்கியம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் பார்ப்பதற்கு ஜிபிஎஸ் போலவேதான் இருக்கும். அரசின் அனுமதி இல்லாமல் அவற்றை இங்கே வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து நம் விமான நிலையங்களில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. கேட்கும் கருவி சரி. பேசும் கருவி கூடாது.

டெலிவரி தம்பிக்கு: உனக்கு நின்றுபோனால் அன்றைய கூலி போச்சு. ஆர்டர் வருவது, வீட்டுக்காரரைக் கூப்பிடுவது, பணம் வாங்குவது எல்லாம் அந்த ஒரு போனில்தான். அதைப் போய் வெயிலிலும் மழையிலும் ஹேண்டில்பாரில் தொங்கவிடாதே. தனி ஜிபிஎஸ்ஸும் உனக்கு வேண்டாம், வாடிக்கையாளர் அனுப்பும் இடம் அதில் தானாக வராது. ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள். சத்தத்தைக் குறைத்து வை, பின்னால் வரும் லாரி ஹாரன் கேட்க வேண்டும். போன் பையில் இருக்கட்டும், வழியைக் காதால் கேள். கடைசி நூறு மீட்டரில் எந்த மேப்பும் கதவு வரை கொண்டுபோய் விடாது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் கூப்பிடு. ஓட்டிக்கொண்டே கூப்பிடாதே. இரண்டு நிமிடம் தாமதம் என்று எவனாவது கோபப்பட்டால் படட்டும்.

அக்கா மகளுக்கு: உன் ஊர்களுக்கெல்லாம் வழி உனக்கே தெரியும். மேப் தேவைப்படுவது புது இடத்துக்குப் போகும்போது மட்டும்தான். அதற்கு உன் போன் தாராளம். உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும், பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். மேப்புக்குப் பாலம் இருப்பது தெரியும், அதன்மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடுவது தெரியாது. அது எப்போதும்போல அந்தக் குறுக்கு வழியையே காட்டும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே, வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போன பாலத்திலிருந்து ஒரு கார் ராமகங்கை ஆற்றில் விழுந்தது. 3 பேர் இறந்துபோனார்கள். போன் காட்டிய வழியில் வந்தார்கள் என்றும், பாலத்துக்கு முன்னால் தடுப்பு எதுவும் இல்லை என்றும் அப்போது செய்திகளில் படித்தோம். மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கம் போகும்போது மேப்பைப் பார்த்த பிறகும் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ. தடுப்பூசிப் பெட்டியோடு பத்து கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் போனதாகத்தான் கணக்கு.

மூவருக்கும் பொதுவாக ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு எத்தனை மீட்டர்? 60,000 மீட்டரை 3,600 விநாடியால் வகுத்தால் 16.7 வரும். திரையை இரண்டே இரண்டு விநாடி பார்த்தால், 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். நம் சென்னை–திருப்பதி சாலையில் அந்த 33 மீட்டருக்குள் என்னென்ன இருக்கும்? சைக்கிளில் வரும் பிள்ளை, குறுக்கே வரும் எருமை, நின்றுகொண்டிருக்கும் லாரி, ஆடிக் கிருத்திகை நேரம் என்றால் காவடி எடுத்து நடந்து வரும் கூட்டம். திரை போனுடையதா, விலை உயர்ந்த ஜிபிஎஸ்ஸுடையதா என்பது அந்த 33 மீட்டருக்குத் தெரியாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020இல் வந்த விதி, வழி பார்க்க மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது.

நான் கடைப்பிடிப்பது மூன்று திருப்பக் கணக்கு. கிளம்பும் முன் மேப்பைப் பார்த்து அடுத்த மூன்று திருப்பங்களை மனப்பாடம் செய்துகொள்வேன். ரயில்வே கேட் தாண்டி இடது, பிள்ளையார் கோயிலில் வலது, ஏரிக்கரை முடிந்ததும் நேர். மூன்றும் முடிந்ததும் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த மூன்றைப் பார்ப்பேன். ஒன்றிரண்டு முறை போனால் அந்த வழி நமக்கே சொந்தமாகிவிடும், பிறகு மேப்பும் வேண்டாம். பாடத்தை வீட்டில் படித்துவிட்டுத் தேர்வுக்கு வருவதுபோலத்தான் இதுவும். பரீட்சை ஹாலில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

எது வாங்குவது என்பதற்கு என் பதில் சுருக்கமாக: தினசரிக்குக் கையில் இருக்கும் போன், அலமாரியில் பழைய போன் இருந்தால் இன்னும் நல்லது, பல நாள் மலைப் பயணத்துக்கு மட்டும் தனி ஜிபிஎஸ். எதை மாட்டினாலும் கண் சாலையில் இருக்கட்டும். ஹெல்மெட் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உட்காருகிறவர்களும்தான்.

வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பைக்கில் நிறைய சுற்றும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். லடாக் தம்பி மட்டும், டவர் கிடைக்கும் ஒவ்வொரு ஊரிலும் "வந்துட்டேன் சார்" என்று குழுவில் ஒரு வரி போட வேண்டும். அம்மா கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

எல்லோரும் நல்லபடியாகப் போய்வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
கனகம்மாசத்திரம்